பின்பக்கம்

உள்ளங்கையில் அடங்கும் பெட்டி.
உள்ளே ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த நாடா.
அலுவலக வாசலில் பிடித்து ஏ-ஒன்பதில் அவிழ்த்துவிட்டால்
கரடிப்போக்குச் சந்தி தாண்டிப் போகும்.
ஒருவரும் அவிழ்ப்பதில்லை.
தூசி ஆகாது. விரல் ஆகாது.
மாரியில் வெளியிலிருந்து வந்தால்
இந்த அறைக் குளிரில் ஒருநாள் முழுக்கச்
சும்மா கிடந்து பழக வேண்டும்.
புது மருமகளைப் போல என்பார் கனகசுந்தரம் சேர்.
நான் சிரிப்பதில்லை.

அது எழுதும் விதம் எனக்குப் பிடிக்கும்.
முனைமட்டும் எழுதிப் போய், திரும்பி,
எழுதிய கரைக்குப் பக்கத்துக் கரையில்
எழுதிக்கொண்டே வரும்.
அண்ணன் அக்கராயனில் உழுவதும் அப்படித்தான்:
வரம்புவரை போய், கலப்பையைத் தூக்கி, திருப்பி.

செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்தார்,
ஹெல்மெற்றை மடியில் வைத்துக்கொண்டு.
"பெர்மிற் கொப்பி ஒண்டு வேணும் தங்கச்சி. பாங்க் கேக்குது."
நல்லைநாதன். தருமபுரம். ஓர் ஏக்கர்.
மூலத்தைக் கறையான் தின்றுவிட்டது.
தட்டில் தேடினேன்.
சித்திரை இடியில் எரிந்துபோன தட்டுகளில் அதுவும் ஒன்று.
அட்டவணை சொன்னது: நாடா நாற்பத்தொன்று.

செருகினேன். ஓர் உறுமல்.
தட்டு கேட்டவுடன் சொல்லிவிடும்,
நாடாவில் நாங்கள்தான் போய்ச் சேர வேண்டும்,
எழுநூறு மீற்றர்.
"உள்ளுக்கை இருக்கோ?"
"இருக்கு ஐயா. வருது."
"நடந்தோ வருது?"

வந்தது.
முத்திரை, கையெழுத்து, வடக்கெல்லை வாய்க்கால்.
அதன் பின்னால், கேட்காமலே, இன்னொரு படம்.
பத்திரத்தின் முதுகு.

அந்த வருடம் நான் வேலைக்குப் புதிது.
'வெற்றுப்பக்கம் நீக்கு' என்ற கட்டத்தில்
சரி போட மறந்து
ஆறாயிரம் முதுகுகளையும் ஏற்றிவிட்டேன்.
வெள்ளையைச் சேமிக்கவோ உமக்குச் சம்பளம்
என்று கத்தினார் சேர்.

இது வெள்ளை இல்லை.
மங்கல் பென்சில், சாய்ந்த எழுத்து:

தகரம் 22
யன்னல் 3
தையல் மெசின் (தலை மட்டும்)
பம்பி - கிணத்துக்குத் தெற்கை,
பூவரசிலையிருந்து ஒன்பது எட்டு, நெஞ்சளவு ஆழம்

திரைக்கு மிகக் கிட்ட வந்தார்.
"இவளின்ரை எழுத்து."
கொஞ்ச நேரம் கழித்து,
"நான் வடக்கையெல்லே கிண்டினனான். மூண்டு இடத்திலை."
அச்சு இயந்திரம் ஓய்ந்த பிறகு,
"ஆற்றை எட்டு? என்ரையோ, அவளின்ரையோ?"

பன்னிரண்டு டெராபைற் கொள்ளும் நாடா.
அது அதில் இல்லை.

வங்கிக்கான தாளைப் பைக்குள் வைத்தார்.
முதுகை மடித்துச் சட்டைப் பைக்குள்.
வாசலிலிருந்து மோட்டார்சைக்கிள்வரை
சின்னச் சின்னதாய் எட்டு வைத்து
வாய்க்குள் எண்ணிக்கொண்டு போனார்.

நாடா தொடக்கத்துக்குச் சுற்றி வந்து வெளியே தள்ளியது.
கொண்டுபோய்த் தட்டில் செருகினேன்,
நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில்.

நாற்பத்திரண்டிலிருந்து
நான் ஒழுங்காகச் சரி போட்டிருக்கிறேன்.
மங்கல் பென்சிலையும் அது
வெள்ளை என்றுதான் எடுக்கும்.