காளையின் கண்

இந்தக் காலாண்டு இதழ் வந்து
ஒன்பது நாளாய்க் கதிரையில் கிடக்கிறது.
பொலித்தீன் உறை. உள்ளே பளபளப்பு.
அட்டையில், அனுசரணை தந்த நிறுவனத்தின்
வெள்ளை ஜீப்.

உறுப்பினர் இலக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு:
அது நான்.
வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி,
திங்கள் முதல் வெள்ளி வரை அடுத்தவர் பற்கள்;
சனி காலை மட்டும்
காற்றுத் துப்பாக்கி, பத்து மீற்றர்.

சேர்ந்த புதிதில்
இதழ் மருதானையில் அச்சாகி வரும்.
ஜவுபரின் ஈய எழுத்துகளில் ‘கு’ தேய்ந்திருந்தது;
‘இலக்கு’ எப்போதும்
கொஞ்சம் பிசகியே நிற்கும்.
எட்டுப் பக்கம் தமிழ்.
அதைப் பார்த்துக்கொண்டவர்
கொட்டாஞ்சேனை பிலோமினா கொரேரா.
பெறுபேறுகளைத் தலைகீழாகத்தான் போடுவார்:
கடைசியாய் வந்தவர் பெயர் முதலில்.
‘வென்றவருக்குக் கிண்ணம் இருக்கிறது,
இவருக்கு என்ன இருக்கிறது?’

பின்பக்கத்தில் அவருடைய காற்றுக் குறிப்பு.
சதுப்போரத்து ஐம்பது மீற்றர் களத்தில்
விடியவே போய் நின்று எழுதுவது.
‘மார்ச் பதினொன்று. எட்டு மணி.
கொடி தூங்குகிறது. நம்பாதீர்கள்.
இருபதாம் மீற்றரில் புல் விழித்திருக்கிறது.’

இரண்டாயிரத்து ஏழு, பம்பலப்பிட்டிச் சோதனைச்சாவடி.
கைப்பையில் அடையாள அட்டை,
பல் அச்செடுக்கும் மெழுகு,
முகப்பில் துப்பாக்கி போட்ட இதழ்.
பக்கம் பக்கமாய்ப் புரட்டிய சிப்பாய்
தமிழில் வந்து நின்றான்.
‘இதில் என்ன எழுதியிருக்கு?’
‘காற்றைப் பற்றி.’
வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து
காற்றைப் பற்றித்தான் என்று உறுதியாக
ஒன்றரை மணித்தியாலம்.
யாருக்கும் சொல்லவில்லை,
பயிற்சிக்கு ஏன் பிந்தினாய் என்று கேட்ட
பிலோமினாவுக்குத் தவிர.

அடுத்த இதழின் அட்டையில் ஓர்க்கிட் பூ.
அதற்கடுத்ததில் காலிமுகக் கடல்.
பிறகு ஒரு பூனை.
தரம் கெட்டுவிட்டது, இது தோட்டக்காரர் சஞ்சிகையா என்று
இளைப்பாறிய கேணல் ஒருவர் எழுதிய கடிதத்தை
ஒரு சொல் குறையாமல் பிரசுரித்தார்.
கீழே பதில் இல்லை.

கடதாசி இல்லாத அந்த வருடம்
இதழ் நான்கு தாளாய்ச் சுருங்கியது.
மை விரலில் ஒட்டும்;
மின்வெட்டில் மெழுகுதிரியோடு வாசித்தால்
மறுபக்கத்துச் சொற்களும் சேர்ந்து தெரியும்.
அதிலும் காற்று இருந்தது, ஆறு வரி.
அதோடு அவருக்குக் கண்ணில் பூ விழுந்தது.

இப்போது தலைவரின் செய்தி, தலைவரின் படம்,
தலைவர் நாடா வெட்டுகிற படம்.
தமிழுக்கு ஒரு பக்கம்.
ஏதோ இயந்திரம் பெயர்த்துத் தந்தது:
‘காளையின் கண்ணைச் சுடுவது எப்படி?’
‘துப்பாக்கியினுள் சஞ்சிகையை உறுதியாகச் செருகவும்.’

இன்றிரவு பிலோமினாவுக்கு எடுத்தேன்.
காளையின் கண்ணை வாசித்ததும் சிரித்தார்,
சஞ்சிகையைச் செருகியதும்
இருமல் வரும்வரை சிரித்தார்.
மூச்சு வாங்கியபின் கேட்டார்:
‘பெறுபேறு? கடைசியாய் வந்தது யார்?’
‘போடவில்லை. முதல் மூன்று பேர்தான்.’
தொலைபேசியில் கொட்டாஞ்சேனைத் தெருச் சத்தம்,
ஒரு பஸ், யாரோ யாரையோ ஏசுவது.

‘நான்தான், மிஸிஸ் கொரேரா.’

‘எத்தனை?’
சொன்னேன்.
‘காற்றா?’
‘உள்ளரங்கு. காற்றே இல்லை.’
‘யார் சொன்னது?’ என்றார்.
‘நம்பாதே.’

வைத்துவிட்டு
அடுத்த வருடச் சந்தாப் படிவத்தைத் தேடினேன்.
ஜீப்புக்குப் பின்னால் இருந்தது.