அடுத்த பதிப்பில் வரும்

கனடாவிலிருந்து மச்சான் கொடுத்துவிட்ட கமரா,
ஒரு கைக்குள் அடங்கும்.
ரேப் இல்லை, சுற்றுகிற இரைச்சல் இல்லை.
நகமளவு மெமறிக் காட்டுக்குள்
ஒரு கலியாணம் முழுதாய்த் தொலைந்து நிற்கிறது.

கணினி அதை எடுக்காது.
இழுத்துப் போட்டால் சின்னப் பெட்டி ஒன்று எழும்பும்:
தெரியாத கோப்பு வகை.
கீழே 'சரி' என்று ஒரேயொரு பொத்தான்.
எது சரி என்று கேட்க இடமில்லை.

மல்லாவிச் சந்தியில் கடை.
ஜெனரேற்றர் பக்கத்து வெல்டிங் மோகனதாசோடு பங்கு,
பகலில் அவனுக்கு, இருட்டினால் எனக்கு.
மென்பொருள்க் கொம்பனி சொல்கிறது:
புதிய கமராக்களுக்கான வேலை நடக்கிறது,
அடுத்த பதிப்பில் வரும்.
திகதி போடவில்லை.
துணுக்காய் றோட்டுப் பலகையிலும்
வேலை நடக்கிறது என்றுதான் இருக்கிறது.

வெள்ளிக்கு வெள்ளி தர்மிகா வருவா
பாலிநகரிலிருந்து சைக்கிளில்.
மாப்பிள்ளை பதினாறாம் நாளே சுவிசுக்கு ஏறிவிட்டார்.
தூதரகத்துக்கு ஐம்பத்திரண்டு படம் கொடுத்தாயிற்று,
காணாதாம்.
அசைகிறதாய் ஏதும் இருந்தால் நல்லதாம்.

"எப்ப அண்ணை வரும்?"
"அடுத்த பதிப்பில பிள்ளை."
"அது எத்தினையாம் திகதி?"

கமராவையே கையில் கொடுப்பேன்.
நின்றபடி பார்ப்பா,
பெருவிரல் அளவு புருஷனை.
கூறை மாற்றி வருமட்டும் ஓடும்,
பிறகு பற்றறி சிவந்து கண்ணை மூடும்.
தாலிகட்டு ஒரு வெள்ளியும் வரவில்லை.
தாண்டிப் போகிற பொத்தானைக் காட்டியிருக்கிறேன்.
அவ அமத்துவதில்லை.

பொறுக்கமாட்டாமல் மாற்றுகிற புரோகிராம் ஒன்றை இறக்கினேன்.
மாற்றித்தான் தந்தது,
இலவசம் என்றபடியால்
ஐயரின் தலை, ஓமப்புகை, தாலிமுடிச்சு எல்லாவற்றுக்கும் குறுக்காக
'வாங்குக' என்று எழுதி.
தாய்க்காரி பார்த்துவிட்டுச் சொன்னா:
"குடுத்ததே இன்னும் கடன் தம்பி,
இனி ஆர் வாங்கிறது?"

மாசியில் ஒருநாள் வந்தது.
அறுநூற்று நாற்பது எம்பி.
டொங்கிளை யன்னல் கம்பியில் கட்டி,
பன்னிரண்டுக்குப் பிறகு மலிவு என்பதால் விழித்திருந்து,
நுளம்புக்கு ஒரு காலும் கணினிக்கு ஒரு கண்ணுமாய்.
நாலரைக்கு ஒருக்கா அறுந்தது.
விடிந்துதான் முடிந்தது.
இழுத்துப் போட்டேன்.
பெட்டி எழும்பவில்லை.

பழைய ரேப் இரக்கமுள்ள சாமான்.
சுவரில் ஓட்டை என்றால் நிழல் என்று சொல்லிவிடும்.
இது சொல்லவில்லை.
மண்டபச் சுவரில் சீமெந்து அப்பிய வட்டங்கள் ஒன்பது.
இரவல் அட்டியலின் ஓரத்தில் பச்சை.
மாப்பிள்ளைத் தோழன் சால்வையில் விலைத்துண்டு.
அட்சதை விழும்போதும்
தாலி ஏறும்போதும்
மணவறை சுற்றும்போதும்
தர்மிகா வாசலைப் பார்க்கிறா.
ஏழு தரம்.
சின்னத் திரையில்
கமராவைப் பார்க்கிறா என்றுதான் இருந்தேன்.
எனக்குப் பின்னால்தான் வாசல்.

அன்றைக்கு வெள்ளி இல்லை. சொல்லியனுப்ப வந்தா.
முதல்முறையாய்த் தாலிகட்டைக் கண்டா.
ஒன்றும் பேசவில்லை.
"இந்த இடங்கள வெட்டட்டோ பிள்ளை?" என்றேன்,
"தூதரகத்தில ஐமிச்சப்படுவினம்."
ஆர் வரவில்லை என்று நான் கேட்கவில்லை.
இங்கே அப்படிக் கேட்டால்
பதில் முடிகிற நேரம் எவரிடமும் இல்லை.

சைக்கிள் திறப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றா.
"ரெண்டாய்ச் செய்யுங்கோ அண்ணை.
அவைக்கு வெட்டினது.
எனக்கு வெட்டாதது."

முதலாவதற்கு அவர்கள் இருவரின் பெயர் போட்டேன்.
இரண்டாவதற்குக் கணினி பெயர் கேட்டது,
நான் விட்டுவிட
'பெயரற்றது ஒன்று' என்று தானே வைத்துக்கொண்டது.
மீதி நேரம்: பதினொரு மணித்தியாலம்.
கறண்ட் பத்து மணிக்கு நிற்கும்.
எழும்பிப் போய் மோகனதாசிடம் சொன்னேன்,
இண்டைக்குப் பகலையும் எனக்குத் தா,
கேற் நாளைக்கு ஒட்டலாம்.