நாலாவது சீட்

பைகுலாவில் ஏறுகிறேன், கையில் முப்பத்தெட்டு விடைத்தாள்.
கேள்வி நான்கு, ஆ:
தலைவரில்லாச் சமூகங்கள், சிறுகுறிப்பு வரைக.
ஐந்து மதிப்பெண்.
பக்கத்துத் தோளின் ஈரத்தில் சிவப்பு மை கசிகிறது.

ஆறு பதினான்கு, டோம்பிவிலி ஃபாஸ்ட்.
மூன்று பேர் பலகையில் நாலாவதாக,
பாதி இடுப்பு உள்ளே, பாதி நடைவழியில்.
இந்தப் பாதிக்கு வந்துசேர
ஒன்றரை வருடம் நின்றிருக்கிறேன்.
கல்லூரியில் மேடம். இங்கே,
"ஏய் மதராஸி, பையைத் தூக்கி மேல போடு."

மந்தாகினி ஷிர்கே, தபால் பிரிப்பகம்,
இருபத்திரண்டு வருடமாக இதே ஜன்னல்.
யாருக்கும் உத்தரவு போடமாட்டாள்.
காட்கோபர் வந்ததும் முட்டியைத் தட்டிக்கொண்டு
தான் எழுவாள்.
உட்கார்ந்தவர்கள் எழுவார்கள், நின்றவர்கள் உட்கார்வார்கள்.
எழாத ஒருத்தியை யாரும் திட்டவில்லை.
மறுநாள் முதல் அவளிடம் பேசவில்லை,
அவ்வளவுதான்.

டிசம்பரில் இரண்டு கிலோ பட்டாணி கொண்டுவந்து
பதினோரு மடியில் கொட்டுவாள்.
முலுண்ட் தாண்டுமுன் உரித்துவிடுவோம்.
மணி அவள் பைக்கு, தோல் எங்கள் விரலுக்கு.
கப்பமா என்று யோசித்திருக்கிறேன்.
அவள் மகன் கல்யாணத்தில்
பதினோரு பேருக்கும் ஒரே நிறத்தில் சேலை.

பள்ளியில் வேந்தர் மூவர், வேளிர் ஐவர் என்று ஒப்பித்தவள் நான்.
கொடுக்கும்வரைதான் பெரியவர்,
கொடை நின்றால் வேளும் வெறும் ஆள்
என்று வகுப்பில் சொல்வேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.
என் குறிப்பேட்டில்:
உறுப்பினர் பதினொன்று. சாதி, சம்பளம் கேட்பதில்லை.
கேட்காமலே தெரியும் என்பதை
ஓரத்தில், பென்சிலால்.

ஜூலையில் ஒருநாள்
சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே வண்டி நின்றது.
தண்டவாளத்தைக் காணோம், தண்ணீர்.
ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். விசிறிகள் ஓய்ந்தன.
மந்தாகினி போனை ஆட்டிப் பார்த்துவிட்டு
ஜன்னலோடு ஒடுங்கினாள்.
அறிவிப்பு இல்லை.
அரசு என்று நான் பாடம் நடத்தும் எதுவும் இல்லை.

வாசல் தரையிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.
கிளிப்பும் ரிப்பனும் சேஃப்டி பின்னும் தொங்கும் கம்பிவளையத்தைக்
கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினாள், முட்டியளவு நீரில்.
"நான் கால் வெச்ச இடத்துல கால் வைங்க.
குழி எங்கன்னு எனக்குத் தெரியும்."
முன்னவள் முந்தானையைப் பின்னவள் பிடித்து
நாற்பது பேர், பேச்சில்லை.
விடைத்தாள்கள் என் தலைமேல்.
குர்லா நடைமேடையில் ஏற்றிவிட்டு எண்ணினாள்.
ஒருத்தி குறைந்தது.
திரும்பிப் போனாள், இருட்டில்.
கூட்டிக்கொண்டு வந்தாள்.

நஸ்ரீன்தான் பெயர் கேட்டாள்: ஜம்னா.
பதினைந்து வருடமாக இந்தப் பெட்டியாம்,
எனக்கு முன்பிருந்தே.
என் பதினொன்றில் அவள் இல்லை.

மூன்றாம் நாள் வண்டி ஓடியது.
மந்தாகினி ஜன்னலில், ஜம்னா வாசல் தரையில்.
காட்கோபரில் எழுந்தோம், உட்கார்ந்தோம்.
எங்கே இறங்குவாய் என்று
தரையைப் பார்த்து யாரும் கேட்கவில்லை.

ஒரு விடைத்தாளில் தண்ணீர் புகுந்து
'தேவைப்படும்போது தோன்றி' வரைக்கும்தான் மிச்சம்.
ஐந்துக்கு மூன்று போட்டேன்.

வளையம் என் முட்டியருகே வந்து நின்றது.
கறுப்புக் கிளிப் ஒன்றைத் தொட்டேன்.
இருபது என்றாள்.
பதினைந்துக்கு வருமா என்று வாய் கேட்டுவிட்டது.

கொடுத்தாள்.