இடது ஸ்பீக்கர்

ஜெலுத்தோங் ஃபிளாட்டின் பதினோராம் மாடியில்
மெத்தையைச் சுவரோடு நிறுத்தி
ஒன்பது பாட்டுப் பதிந்தோம்.
மூன்றாவதில் லிப்ட் மணி அடிக்கும்.
நாங்கள் கேட்காமல் வந்தது.
இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள் நளாயினி.

பூன் ஹாவ் செல்லோ.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
இரவு ஷிப்டு முடித்துக் கண் சிவந்து வருவான்.
அவனுக்குத் தெரிந்த தமிழ்
‘மெதுவா’, ‘இன்னொரு தடவ’.
ஓர் ஆல்பத்துக்கு அது போதும்.

இருநூறு சிடி.
முன்பணம் என் மோட்டார் சைக்கிள்.

வானொலிக்காரர் பொறுமையாகக் கேட்டார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.
‘நல்லாருக்கு தம்பி,
தாளம் எப்ப வரும்?’
நளாயினியின் அண்ணன்
கல்யாணத்தில் போட முடியாத பாட்டு எதற்கு என்றார்,
அவருடைய கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது.

ஞாயிறு இதழில் பதினோரு வரி.
‘மௌனம் மிகுதி’ என்பது ஆறாவது வரி.
‘ஐந்தாம் பாட்டின் மழை நெஞ்சை நனைக்கிறது’ என்பது கடைசி.
மழையில்லை ஐயா,
பக்கத்து வீட்டு மாக்சிக் ரொஸ்னா
நெத்திலி பொரித்தது.

லெபோ சூலியாவுக்குப் பின்னால்
சைக்கிள் கடை மாடியில் வெளியீடு.
முப்பத்தொரு பேர்.
கழிவறை எங்கே என்று கேட்க ஏறிய ஒருவர்
கடைசிப் பாட்டுவரை நின்றார்,
போகாமலே இறங்கினார்.

பிறகு ஒன்றுமில்லை.
நூற்றுப் பதினான்கு சிடி
என் கட்டிலுக்கடியில்.
நளாயினி பல் மருத்துவமனையில்
வாயைத் திறங்க, இன்னும் கொஞ்சம் என்று
நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான்கு வருஷம் கழித்து
பழைய கஞ்சில் ஒன்று வாங்கினேன்.
ஒரு பக்கம் சத்தமில்லை.
சுங்கை பினாங் பட்டறையில்
தங்கையா டாஷ்போர்டைப் பிரித்தார்,
இழுப்பறையில் துழாவி
உறையில்லாத தட்டொன்றை எடுத்துத்
தொடையில் தேய்த்துச் செருகினார்.

என் கிட்டார்.
வலது பக்கம்.

‘யாரோ காடியில விட்டுட்டுப் போனது.
பாட்டு என்னமோ, தெரியல.
ஆனா டெஸ்டுக்கு இத அடிச்சிக்க ஆளில்ல.
மத்த பாட்டெல்லாம் ஒரே கூச்சல்,
எந்தப் பக்கம் செத்திருக்குன்னே தெரியாது.
இதுல ஒரு சும்மா வரும் பாருங்க,
அப்புறம் இந்தப் பக்கம் ஒருத்தன் அழுவான்.
அவன் அழலன்னா வயரு போச்சு.’

அழவில்லை.
வயரை மாற்றினார்.
மறுபடி முதலிலிருந்து:
கிட்டார், அவள் குரல்,
ஆறாவது வரி சொன்ன மௌனம்,
அதற்குள்
தங்கையா ஸ்பானரை உயர்த்தி
‘டிங்’ என்றார்,
லிப்டுக்கு அரை நொடி முன்னால்.

பூன் ஹாவ் அழுதான்.

நாற்பது ரிங்கிட்.
எங்களுடையது என்று சொல்லவில்லை.
சொன்னால் அடுத்த காடிக்குப் போடும்போது
அவருக்குக் கை கூசும்.

இரவு நளாயினிக்குப் போன் செய்தேன்.
நெடுநேரம் பேச்சில்லை.
பின்னால் யாரோ தட்டுக் கழுவும் சத்தம்.
‘பாதியில நிறுத்தினாரா,
முழுசா ஓடவிட்டாரா?’

கை கழுவப் போய்விட்டார்,
அது பாட்டுக்கு ஓடியது என்றேன்.

‘சரி’ என்றாள்.
‘சாப்பிட்டியா?’