வெற்று எடை

பழத்தோடு ஏறும்போது ஒரு எடை,
கொட்டிவிட்டு வரும்போது ஒரு எடை.
பதினோரு வருடம்
அந்த இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறேன்
ஜன்னல் வழியே ரசீதை நீட்டிக்கொண்டு.
பாடாங் செராய் தாண்டி
செம்பனை ஆலை, எடைமேடை, குமாஸ்தா.
மழையில் லோரி நனைந்து வந்தால்
தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கேட்பான் ஆ செங்.
கொடுத்ததில்லை.

பட்டம் இருந்தது. வரலாறு, தொலைதூரக் கல்வி.
நீராவி இயந்திரம் தொழிற்புரட்சிக்கு ஆற்றிய பங்கை விளக்குக:
இருபதுக்குப் பதினெட்டு வாங்கியவள் நான்.
அந்த நீராவி எத்தனை டிகிரி என்று
வினாத்தாளில் யாரும் கேட்கவில்லை.

நேர்காணலில் டாக்டர் நோர்ஹஃபிசா கேட்டார்,
"இயற்பியல் படிவம் ஐந்தோடு சரி.
பொறியியலில் மாஸ்டர்ஸ் எதற்கு?"
மனப்பாடம் செய்துபோன பதில் நாலு வரி.
வாயில் வந்தது வேறு.
"மாதத்தில் மூன்று தடவை பாய்லர் படுத்துவிடுகிறது மேடம்.
லோரிகள் என் ஜன்னலில்தான் வரிசை கட்டும்.
பழம் காத்திருந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும்.
ஏன் நின்றது என்று கேட்டால்
எல்லாரும் என்னிடம் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள்."
அவர் சிரிக்கவில்லை. எதையோ எழுதினார்.
இடம் கிடைத்தது, நிபந்தனையோடு:
இளங்கலைப் பாடங்கள் நாலு,
பிள்ளைகளோடு பிள்ளையாய்.

வெள்ளி இரவு, சனி முழுக்க நிபோங் திபால்.
மோட்டார் சைக்கிள் கூடைக்குள்
கால்குலேட்டரும் நாசி லெமாக்கும்.
"ஆன்ட்டி, இங்கே டிரைவேட்டிவ் எடுக்கணும்"
என் நோட்டில் பென்சிலால் குறிப்பாள் ஹோய் யின், வயது இருபது.
வீட்டுக்கு வந்து தமிழில் தேடினேன்.
வகைக்கெழு.
தமிழிலும் புரியவில்லை.

தங்கை வீட்டு விருந்தில் குணாளன்
கோழிக்காலைக் கடித்தபடி சொன்னான்,
"முடிச்சாலும் எஞ்சினியர்னு போர்டு ஒத்துக்காதே அக்கா.
அடிப்படைப் பட்டம் கேப்பாங்க."
உண்மைதான். விசாரித்துவிட்டுத்தான் சேர்ந்தேன்.
இன்னும் கொஞ்சம் குழம்பு போட்டுக்கொண்டேன்.

முதல் தேர்வு, நூற்றுக்கு முப்பத்தொன்று.
மூன்றாம் கேள்வி:
கொதிகலன் மானி மூன்று பார் காட்டுகிறது.
நீராவியின் வெப்பநிலை என்ன?
அட்டவணையில் மூன்றைத் தேடி
நேராக விரலை ஓட்டி எழுதியிருந்தேன்.
அட்டவணை படிப்பது எனக்குப் பழகிய வேலை.
சிவப்பு மையில் ஒரே ஒரு வாக்கியம்:
வளிமண்டலம் எங்கே?

மானி சுழியத்திலிருந்து எண்ணுகிறதாம்.
ஏற்கெனவே நம்மேல் உட்கார்ந்திருக்கிற காற்றை
அது கணக்கில் எடுப்பதில்லை.
முள் சுழியத்தில் தூங்கும்போதும்
ஒரு பார் இருந்துகொண்டே இருக்கிறது.
அதைக் கூட்டிக்கொண்டுதான்
அட்டவணைக்குள் போகவேண்டும்.

வகுப்பு வேறு எதற்கோ சிரித்தது.
நான் அந்தச் சிவப்பு வரியை விட்டு நகரவில்லை.
வெற்று லோரியின் எடையைக்
கழிக்காமல் ஒருநாளும் ரசீது போடாதவளுக்கு
கூட்ட மட்டும் எப்படி மறந்தது?

திங்கட்கிழமை, மதிய உணவை விட்டுவிட்டு
கொதிகலன் அறைக்குப் போனேன்.
என்ன வேண்டும் என்பதுபோல் பார்த்தார் ரோஸ்லி.
"தீகா," முள்ளைக் காட்டி மூன்று என்றார்.
"அம்பாட்" என்றேன். நாலு.
கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு
மறுபடி காட்டினார். "தீகா."
நாலு. நூற்று நாற்பத்து மூன்று புள்ளி ஆறு டிகிரி.
இந்த இரண்டாவது எண்ணை அவரிடம் சொல்லவில்லை.
சட்டைப் பையில் வைத்துக்கொள்வதுபோல்
வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை பாய்லர் மறுபடி படுத்தது.
ஏன் என்று இன்னும் தெரியவில்லை.
பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம்
கோடு போட்டேன்: நேரம், அழுத்தம்,
கடைசியாக ஓடிய மணி.
வெளியே ஆ செங் ஹாரனை விடாமல் அழுத்தினான்.
மழைதான்.
அவன் லோரியிலிருந்து தண்ணீர்
எடைமேடையில் சொட்டிக்கொண்டிருந்தது.