அரை மாத்திரை

செக்காலை ரோட்டில் மருந்துக்கடை.
ஒன்பதரைக்கு ஷட்டரை இடுப்பளவு இறக்கிவிட்டு
ஆட உட்காருவேன்.
மூன்று நிமிட ஆட்டம். கூடுதல் விநாடி கிடையாது.
அங்கே என் பெயர் அரை மாத்திரை.
பெயர் கேட்டபோது கையில்
கத்தரியும் பாதி வெட்டிய அட்டையும் இருந்தன,
வேறொன்றும் தோன்றவில்லை.

பதினோரு மாதம்
ஆயிரத்து முந்நூறைத் தாண்டவில்லை.
ராணியும் யானையும் கூடுதலாக வைத்துக்கொண்டே
நேரம் தீர்ந்து தோற்றிருக்கிறேன்.
எதிராளியிடம் மிச்சம்
ஒரு ராஜா, ஒரு சிப்பாய், நான்கு விநாடி.

நடுவில் ஆள் வரும்.
"தம்பி, பிள்ளைக்குக் காய்ச்சல்."
எடை கேட்பேன். மருந்தைக் குலுக்கி
மூடியில் அளவைக் காட்டுவேன்.
சில்லறை தேடுவேன்.
கல்லாப்பெட்டி மேல் கிடக்கும் போனில்
என் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.
பிரேசில் கொடிக்காரனுக்கு என்ன தெரியும்,
காரைக்குடியில் ஒரு குழந்தைக்கு நூற்றிரண்டு என்று.

இப்படித்தான் தோற்கிறேன் என்று
நெடுநாள் நம்பியிருந்தேன்.
ஒரு ஞாயிறு மத்தியானம் எண்ணிப் பார்த்தேன்.
நாற்பது தோல்வியில்
ஆள் வந்து தோற்றது மூன்று.
மீதி முப்பத்தேழிலும் கடையில் ஈ காக்கை இல்லை.

அந்த முப்பத்தேழையும்
ஒவ்வொரு நகர்த்தலாக ஓட்டிப் பார்த்தேன்.
தன் குறட்டையைப் பதிவு செய்து கேட்பவனின் முகம்
அப்போது எனக்கு.
எட்டாவது நகர்த்தலில்
ஊரே எடுக்கும் சிப்பாயை எடுக்க
இருபத்தாறு விநாடி உட்கார்ந்திருக்கிறேன்.
ராஜா தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது
கண்ணிமைக்குமுன்
குதிரையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.
பதினொன்றரை மணிக்கு மேல் ஆடியவை
எல்லாமே கோபம்.
ஒன்று தோற்று, அதை மீட்க ஒன்று,
அதை மீட்க ஒன்பது.

டாக்டர் சாத்தப்பன் சீட்டு எழுதினால்
முதல் வருஷம் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
இப்போது படிப்பதில்லை.
ஒரு கொக்கி, ஒரு இழுப்பு, கடைசியில் பாம்பு வால்:
கை தானாக மூன்றாம் தட்டுக்குப் போய்விடும்.
ஆனால் எத்தனை மில்லிகிராம் என்ற இடத்தில் நிற்பேன்.
பின்னால் பத்துப் பேர் முண்டினாலும்
அங்கே மட்டும் நிற்பேன்.
இது எனக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை.
பலகையில் செய்யத் தோன்றாமல் போயிற்று.

அதன் பிறகு
காலையில் மதுரைப் பெட்டிகள் வந்து இறங்கும்வரை
இரண்டு நகர்த்தலில் மாட் ஆகும் கணக்குகள் இருபது.
ஒரே தொடக்கம், வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று,
சலிக்கச் சலிக்க.
இரண்டு தோற்றால் ஷட்டர் தரைவரை.
"ஸ்டாக்கை இவ்வளவு உன்னிப்பாப் பார்க்கிறியே"
என்று முதலாளி வயிரவன் மெச்சினார்.
மறுக்கவில்லை.

பள்ளியில் சொன்னார்கள்:
கண் இமைக்கும் பொழுது ஒரு மாத்திரை.
குறிலுக்கு அது ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
தலையில் புள்ளி வைத்த மெய்க்கு அரை.
ஐந்து விநாடி மிச்சமிருக்கும்போது
அது நினைவுக்கு வருகிறது.
அரை மாத்திரையில் ஓர் எழுத்தே பிழைத்துக்கொள்கிறது,
அப்படியானால் ஐந்து விநாடி
கொஞ்சம் பெரிய வீடுதான்.

நேற்று ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
எதிரே போலந்து. அவனுக்கு ஒன்பது விநாடி, எனக்குப் பதினொன்று.
என் சிப்பாய் ராணியாக இன்னும் இரண்டு கட்டம்.
ஷட்டருக்குக் கீழே
சேறு அப்பிய இரண்டு செருப்புகள்.
"வாந்தி நிக்கல. உப்புக் கரைசல் இருக்கா?"

எழுந்தேன்.
எத்தனை வயது, எத்தனை தடவை,
சிறுநீர் போனதா, எல்லாம் கேட்டேன்.
ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பொட்டலம்,
கொஞ்சம் கொஞ்சமாக என்று
இரண்டு முறை சொன்னேன்.
திரும்பி வந்தபோது
பலகை வெளுத்துக் கிடந்தது.

ஆள் வந்து தோற்றது: நான்கு.

உட்கார்ந்து இன்னொன்று தொடங்கினேன்.
கணக்குப்படி ஒரு தோல்வி
கையில் பாக்கி இருந்தது.