இருபது கிலோவுக்குக் கீழே

புளியரை எடைமேடையில் எனக்கு ஒன்பது வருஷம்.
சிமெண்டு, வைக்கோல், கறிக்கோழி, எம்-சாண்டு,
மலையேறும் எதுவும் என் சீட்டில்லாமல் ஏறாது.
இருபது கிலோவுக்குக் கீழே
மேடைக்குக் கண் தெரியாது.

சாரல் தொடங்கிய வாரம்
மசூது அண்ணன் கண்ணில் மஞ்சள்.
குடிக்காதவன். ஊர் நம்பவில்லை.
ரத்தம் மூன்று பேருக்குப் பொருந்தியது.
பெரியவனுக்குத் துபாயில் லீவு இல்லை,
சின்னவன் ஈரலில் கொழுப்பு,
பிறகு நான்.

"யாராவது வற்புறுத்தினார்களா?"
திருவனந்தபுரத்தில் கமிட்டி கேட்டது, கேமராவை ஓடவிட்டு.
இல்லை என்றேன். உண்மைதான்.
யாரும் கேட்கவில்லை.
கேட்காமலேயே உம்மா
என் தட்டில் நடுத்துண்டு மீனாக வைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கும் கொஞ்சம் கொழுப்பு இருந்தது.
ஆறு வாரம் பரோட்டா இல்லை, எஸ் வளைவு வரை நடை.
என் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள்.
நாலரை கிலோ இறங்கியது.

அறுபது சதம் எடுப்போம், மூன்று மாசத்தில் வளர்ந்துவிடும்.
பித்தப்பையும் போகும், அது வளராது.
"ஆயிரத்தில் இரண்டு மூன்று பேர்..." டாக்டர் நிறுத்தினார்.
நான் முடிக்கச் சொல்லவில்லை.
என் கையெழுத்து ஏழு இடத்தில், கணவருடையது இரண்டு.
மூடாத பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.
அந்த நீலக்கறை இன்னும் போகவில்லை.

விழித்ததும் தாகம். மூக்கில் குழாய், வயிற்றில் குழாய்.
இழுத்தால் மூன்று பந்தும் ஏற வேண்டுமாம்;
ஒன்று லேசாக அசைந்தது.
"வேதன உண்டோ சேச்சி? பத்தில் எத்தர?"
நாற்பது டன் எழுதிப் பழகிய கைக்குப் பத்தே எண்.
வேதனை எங்கள் பக்கம் மனசுக்கு,
மலைக்கு அந்தப் பக்கம் உடம்புக்கு.
ஏழு என்றேன், இரண்டையும் சேர்த்து.

ஐந்தாம் நாள் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினார்கள்.
அண்ணன் என்னைப் பார்த்தான்.
"கடையைப் பூட்டியாச்சா?"
யாரிடம் கேட்டான் என்று தெரியவில்லை.
அன்று ராத்திரிதான் எனக்குப் பயம் வந்தது.

பிறகு தெளிந்தான். ஆனால் பதினெட்டு நாள்.

ஆரியங்காவு வளைவுகளில்
தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு திரும்பினேன்.
கண்ணாடியில் தழும்பு 'ட' மாதிரி.
மேலே புள்ளி வைத்தால் 'ட்' என்றாள் மகள்,
இப்போதுதான் எழுத்து படிக்கிறாள்.
ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது:
குடம், சிலிண்டர், அவள்.

அண்ணனுக்கு ஆயுசுக்கும் மாத்திரை,
காலை ஒன்பது, ராத்திரி ஒன்பது.
பம்பளிமாசு கூடவே கூடாது, மருந்தோடு மல்லுக்கு நிற்கும்.
அவன் வீட்டு மரமோ
இந்த வருஷம் பார்த்துக் காய்த்துத் தள்ளுகிறது.
நன்றி கின்றி என்று அவன் வாயில் வந்ததில்லை.
நான் வேலைக்குத் திரும்பிய அன்று
ஆட்டோவில் ஒரு சாக்குப் பழம் வந்தது.
டிரைவர் மேடைமேலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

தூக்க ஆள் வரும்வரை
திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சைபர்.